குளியாளியின் செவி: முத்துக்குளித்துறைப் பதிவுகளில் கணக்கில் வராத ஊனம்

ஆய்வுச் சுருக்கம்

முத்துக்குளித்தலையும் சங்குகுளித்தலையும் பற்றிய பதிவுகள் கடலடி வேலையின் ஆபத்தாகச் சுறாவையே முன்னிறுத்துகின்றன. ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் அழுத்தத்திற்கு உள்ளாகும் செவி அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. இடம்பெறும்போதும் அது நோயாகக் கருதப்படுவதில்லை. அகநானூற்றுப் பாடல் ஒன்று, மார்கோ போலோவின் பயணக் குறிப்பு, இராபர்ட் பெர்சிவலின் நூல், ஜான் கீட்ஸின் கவிதை, ஹெர்ட்மனின் அறிக்கை ஆகியவற்றைக் காது மூக்கு தொண்டை மருத்துவத்தின் துணையுடன் வாசித்து, இந்த ஏற்றத்தாழ்வுக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இன்றைய கடலோரச் செவிநல ஆய்வுகளுக்கு அவ்வாசிப்பு உணர்த்துவதையும் சுட்டுகிறது.

குறிச்சொற்கள்: முத்துக்குளித்தல், குளியாளி, செவிப்பறை, கடற்கட்டி, பெரியதாழை, தொழில்சார் நோய்.

முன்னுரை

மணப்பாட்டுக்குத் தெற்கே அமைந்த பெரியதாழை, முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற கரையின் மீனவ ஊர்களுள் ஒன்று. இக்கரையின் ஊர்களில் காது அடைப்பு, காது இரைச்சல், காது மந்தம் ஆகியவை கடல்தொழிலோடு பிறந்தவை போலவே பேசப்படுகின்றன. உப்புக்காற்றும் வெயிலும் எப்படியோ, காது மந்தமும் அப்படியே என்ற எண்ணம் அப்பேச்சில் தொனிக்கிறது. தொழிலால் நேர்ந்த ஊனம் தொழிலின் இயல்பாக மாறிவிடும்போது, அதற்குக் காரணம் தேடும் தேவையும் ஈடு கேட்கும் உரிமையும் மறைந்துவிடுகின்றன. இந்த மாற்றம் பேச்சில் மட்டும் நிகழ்ந்ததன்று. கரையைப் பற்றி எழுதப்பட்டவற்றிலும் நெடுங்காலமாக நிகழ்ந்துவந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

சுறாவும் ஆரவாரமும்

அகநானூற்றின் 350-ஆம் பாடல், சுறாவை விலக்கி வலம்புரிச் சங்குக்காக மூழ்கிய பரதவரைக் காட்டுகிறது. அவர்கள் சங்கொலி முழங்க வந்திறங்க, கொற்கை ஆரவாரத்துடன் அவர்களை எதிர்கொள்கிறது. இப்பாடலில் இரு கூறுகள் கருதத்தக்கவை. ஒன்று, மூழ்குதலின் ஆபத்து சுறா என்ற ஒற்றை உருவம் கொள்கிறது. மற்றொன்று, மூழ்கியவரின் மீட்சி முழுவதும் ஒலியால் குறிக்கப்படுகிறது. அந்த ஒலி மூழ்கி எழுந்தவரின் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்ற வினா பாடலுக்கு உரியதன்று. அகப்பாடல் கொற்கையின் வளத்தைத் தலைவியின் சிறுகுடிக்கு அடையாளமாக்கவே அக்காட்சியைக் கொள்கிறது. ஆகவே இதனைப் புலவரின் குறையாகக் கூறுவது பொருந்தாது. ஆயினும் பின்வந்த பதிவுகளின் போக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது: ஆபத்து வெளியிலிருந்து வருவது, மூழ்குபவரின் உடலுக்குள் நிகழ்வது பேசப்படாதது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றிக் கூறிய மார்கோ போலோவின் குறிப்பிலும் மீன்களை மந்திரத்தால் கட்டுவோர் சிறப்பிடம் பெறுகின்றனர். எடுக்கப்படும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குரியது. மந்திரக்கட்டு பகலுக்கு மட்டுமே. இரவில் அது அவிழ்க்கப்படும். இரவில் திருட்டுத்தனமாக எவரும் மூழ்காதிருக்க அதுவே காவல். சுறாவைக் கட்டும் தொழில் குளியாளியின் உயிரைக் காத்ததோடு முத்தின் உடைமையையும் காத்தது என்பது இதனால் விளங்கும். கடற்கட்டி என வழங்கிய இம்மந்திரத் தொழிலாளருக்கு ஆங்கிலேயர் நடத்திய சலாபங்களிலும் இடம் இருந்தது. அவர் இல்லையெனில் குளியாளிகள் இறங்கமாட்டார்கள். அவர்கள் இறங்காவிட்டால் அரசுக்கு வருவாய் இல்லை.

பெர்சிவலின் பார்வை

1803-இல் வெளிவந்த இராபர்ட் பெர்சிவலின் இலங்கை பற்றிய நூலில் செவி தெளிவாகவே தோன்றுகிறது. அவர் கண்டது மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துச் சலாபம். தமிழகக் கரையிலிருந்தும் குளியாளிகள் அங்குச் சென்றனர் என்பதால் அப்பதிவு இக்கரைக்கும் உரியதாகிறது. படகுக்கு ஏற்றப்படும் குளியாளிகளின் வாய், காது, மூக்கு ஆகியவற்றிலிருந்து நீரும், பல வேளைகளில் குருதியும் வெளிப்படுவதாகப் பெர்சிவல் எழுதுகிறார். அடுத்த தொடரிலேயே, அது அவர்கள் தம் முறை வரும்போது மீண்டும் மூழ்குவதைத் தடுப்பதில்லை என்கிறார். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை மூழ்குவதையும், சிலர் உடலில் எண்ணெய் பூசிக் காதையும் மூக்கையும் அடைத்துக்கொள்வதையும், வேறு சிலர் எந்தக் காப்பும் செய்துகொள்ளாததையும் குறிக்கிறார்.

இப்பகுதியை மருத்துவ நோக்கில் வாசிக்கும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, குருதியின் பொருள். கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்காகிறது. நடுச்செவியிலுள்ள காற்றின் அழுத்தமும் அதற்கேற்ப உயர வேண்டும். தொண்டையின் மேற்பகுதியை நடுச்செவியோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் வழியே காற்று புகுந்தால்தான் அது இயலும். குழாய் திறவாவிடில் செவிப்பறை உட்புறமாக இழுபட்டு வலிக்கும். நடுச்செவியில் குருதி கசியும். இறுதியில் பறை கிழியும். அழுத்தம் மிக விரைவாக மாறுவது முதல் சில மீட்டர் ஆழத்தில்தான். கல்லின் எடையால் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை, அதாவது ஏறத்தாழ ஒன்பது முதல் பதினெட்டு மீட்டர் வரை, விரைந்து இறங்கும் குளியாளிக்குக் குழாயைத் திறக்கக் கிடைக்கும் காலம் சில நொடிகளே. காதில் வழிந்த குருதி கடும் உழைப்பின் பொது அடையாளமன்று. குறிப்பிட்ட ஓர் உறுப்பில் நேர்ந்த காயத்தின் அடையாளம்.

இரண்டாவது, குளியாளியின் தொழில் அறிவு. இறங்கும்போது குளியாளி ஒரு கையால் கயிற்றையும் மற்றொரு கையால் மூக்கையும் பிடித்துக்கொள்வார் எனப் பெர்சிவல் விவரிக்கிறார். மூக்கைப் பொத்திக் காற்றை உந்தி நடுச்செவிக்குச் செலுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704-இல் செவி பற்றிய தம் நூலில் விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மூக்கைப் பற்றிய குளியாளியின் கை நீர் புகாமல் தடுத்ததோடு இவ்வுந்துதலுக்கும் வாய்ப்பளித்தது. பயணி கண்டது ஒரு பழக்கம். அதனுள் ஓர் உடலியல் அறிவு பொதிந்திருந்தது. மாறாக, காதை இறுக அடைப்பது எல்லா வகையிலும் நன்மை தருவதன்று. அடைப்புக்கும் பறைக்கும் இடையே காற்று சிக்கினால் புறச்செவியிலும் அழுத்தக் காயம் நேரும். இதனாலேயே இன்றைய மூழ்குநர் பயிற்சியில் காதடைப்பான்கள் விலக்கப்படுகின்றன.

மூன்றாவது, காலம் பற்றியது. கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடும்; ஆனால் அதற்கு ஓய்வும் ஈரமின்மையும் வேண்டும். மறுநாளும் மூழ்குபவருக்கு இவ்விரண்டும் இல்லை. துளை நிலைக்கும், கடல்நீர் புகும், சீழ் வடியும், கேள்வி குறையும். துளை வழியே குளிர்ந்த நீர் நடுச்செவியை அடைந்தால் திடீர்த் தலைசுற்றல் உண்டாகி, கடலடியில் மேல் எது கீழ் எது என்ற உணர்வே தடுமாறும். அது உயிருக்கே ஆபத்தானது. மீண்டும் மூழ்குவதைத் தடுப்பதில்லை என்ற பெர்சிவலின் கூற்று வலிமைக்குச் சான்றுபோல் ஒலிக்கிறது. மருத்துவ நோக்கிலோ, காயம் நிலையான ஊனமாவதற்கான காரணமே அந்த மறுமூழ்கல்தான்.

கீட்ஸும் ஹெர்ட்மனும்

1820-இல் அச்சான ஜான் கீட்ஸின் 'இசபெல்லா' கவிதையில், இத்தாலிய வணிகச் சகோதரரின் செல்வம் எங்கிருந்து வந்தது எனக் கூறும் பகுதியில், இலங்கைக் குளியாளி வருகிறார். சுறாவும் அங்கு உண்டு. காதிலிருந்து பெருகும் குருதியும் உண்டு. கீட்ஸ் இக்கடலைக் கண்டவரல்லர். ஆனால் அவர் இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1816-இல் மருந்தாளராகத் தொழில் உரிமம் பெற்றவர். பயண நூலில் குளியாளியின் உறுதியைக் காட்டிய குருதி, கவிதையில் வணிகரின் கணக்கோடு சேர்கிறது: அவர்களுக்காகவே அது சிந்தப்பட்டது. இங்கு எடுத்துக்கொண்ட பதிவுகளுள் செவிக்குருதியையும் செல்வத்தையும் நேராகப் பிணைப்பது இதுவொன்றே. எனினும் கவிதையிலும் குளியாளி ஒரு கணத்தின் உருவமே. குருதி நின்றபின் அவர் என்ன கேட்டார், என்ன கேட்கவில்லை என்பது அங்கும் இல்லை.

இதற்கு மறுமுனையில் நிற்பது அறிவியல் அறிக்கை. முத்துப்பார்களின் விளைச்சல் நிலையற்றுப்போனதால் இலங்கை அரசு விலங்கியலாளர் ஹெர்ட்மனின் ஆய்வை நாடியது. ஜேம்ஸ் ஹார்னெல் துணைநின்ற அவ்வாய்வின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இராயல் கழகத்தால் வெளியிடப்பட்டது. சிப்பியின் உணவு, வளர்ச்சி, பகைகள், ஒட்டுண்ணிகள் ஆகியன அதில் விரிவாக ஆராயப்பட்டன. நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சூழ்ந்தே நன்முத்து உருவாகிறது என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதனை முழுமையாக ஏற்கவில்லை. எனினும் அதன் நோக்கு கருதத்தக்கது. முத்தைச் சிப்பியின் நோய்விளைவாகக் கண்ட அறிவியல், ஓர் உயிரின் உள்ளுறுப்பை நுண்ணோக்கியால் தேடிச் சென்றது. அச்சிப்பியைக் கடலடியிலிருந்து எடுத்துவந்தவரின் செவி அவ்வாய்வின் வினாவுக்குள் அடங்கவில்லை. அரசு கேட்டது சிப்பி ஏன் குறைகிறது என்பதையே. குளியாளிகள் குறைவின்றிக் கிடைத்தனர்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சிப்பியியல் அறிக்கையில் செவிநோயைத் தேடுவது முறையா என்பது அது. தனி நூலாக நோக்கின் முறையன்று. ஆனால் பதிவுகளை வரிசையாக வைத்து நோக்கும்போது ஓர் ஒழுங்கு தென்படுகிறது. வேலையை நிறுத்தக்கூடிய ஆபத்துகள் பதிவும் பொருளும் பெற்றன: சுறாவுக்குக் கடற்கட்டி, சிப்பிக் குறைவுக்கு அறிவியலாளர். வேலையை நிறுத்தாத காயம், கண்ணுக்குத் தெரிந்தபோதும், எவருடைய பொறுப்பாகவும் ஆகவில்லை. கூலிக்குப் பதிலாகச் சிப்பியில் பங்கு பெற்ற குளியாளியின் செவியிழப்பு எந்தக் கணக்கேட்டிலும் செலவாகாத செலவு.

இன்றைய ஆய்வுக்கு

தூத்துக்குடி முத்துச் சலாபம் 1961-உடன் ஓய்ந்தது; 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆயினும் சங்குகுளித்தல் தொடர்கிறது; காற்றழுத்தக் கருவியிலிருந்து குழாய்வழிக் காற்று பெற்று மூழ்குவோரும் உளர். கரைமேல் ஊர்களில் இயந்திரத்தின் ஒலி புதிய காரணமாகச் சேர்ந்துள்ளது. எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் நாள்தோறும் இருப்பது உட்செவிக்குத் தீங்கு. படகின் பின்தலையில் இயந்திரத்தருகே அமர்பவர் அந்த ஒலியோடே கடலுக்குச் சென்று திரும்புகிறார். மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) இயந்திரப் படகின் வருகை எழுப்பிய பூசலைக் கதைப்பொருளுள் ஒன்றாக்கியது. இயந்திரம் மீன்வளத்திற்கும் ஊர் உறவுக்கும் செய்தது நமக்கு நாவல்வழி தெரியும். செவிக்குச் செய்தது இனித்தான் எழுதப்பட வேண்டும்.

எனவே பெரியதாழை போன்ற ஊர்களில் செவிநல ஆய்வு மேற்கொள்வோர் மூன்றனைக் கருத்தில் கொள்ளுதல் நலம். ஒன்று, 'காதில் நோய் உண்டா' என்ற வினாவுக்கு 'இல்லை' என்ற விடை வருமாயின், அது நோயின்மையைக் காட்டாமல் நோய் இயல்பாகிவிட்டதைக் காட்டலாம். அடைப்பு, இரைச்சல், மந்தம் எனக் கரையார் வழங்கும் சொற்களாலேயே வினவுதல் வேண்டும். இரண்டு, கேள்வித்திறன் சோதனையோடு தொழில் வரலாறும் பதியப்பட வேண்டும்: மூழ்கிய ஆழம், நாள் எண்ணிக்கை, இயந்திரத்தருகே கழித்த ஆண்டுகள். மூழ்குதல் பெரும்பாலும் நடுச்செவியைத் தாக்கும். பேரொலி உட்செவியைத் தாக்கும். இவ்விரண்டையும் முதுமையால் வரும் மந்தத்தையும் பிரித்தறிய அவ்வரலாறு இன்றியமையாதது. மூன்று, பங்குமுறையில் உழைப்பவருக்கு முதலாளி என ஒருவரைச் சுட்டுவது அரிது. தொழில்நோய் ஈட்டுரிமை பற்றிய விவாதம் இதனைக் கணக்கில் கொள்ளாவிடில் பழைய ஏடுகளின் விடுபாடே தொடரும்.

முடிவுரை

முத்துக்குளித்துறைப் பதிவுகளில் செவி முற்றிலும் மறைக்கப்படவில்லை. பெர்சிவல் கண்டார், கீட்ஸ் அதற்குப் பொருள் கண்டார். ஆனால் காண்பது ஒன்று, கணக்கில் கொள்வது வேறொன்று. சுறாவைப் பற்றிய பதிவுகள் நம்மிடம் நிறைய உள்ளன; அது கடித்தவர்களைவிடக் கேள்வி குன்றியவர்கள் பலராக இருந்திருக்க வேண்டும் என்பதை மூழ்குதலின் உடலியலே உணர்த்துகிறது. நெய்தல் நில இலக்கிய ஆய்வும் செவி மருத்துவ ஆய்வும் இப்புள்ளியில் ஒன்றையொன்று வேண்டிநிற்கின்றன. முன்னது விடுபட்ட இடத்தைக் காட்டும். பின்னது அவ்விடத்தில் எழுதவேண்டியதை அளந்து தரும். காது மந்தத்தைக் கடலின் இயல்பு எனக் கூறும் பேச்சைக் கரையார் கைவிடுவதற்கு முன், அவர்களைப் பற்றி எழுதுவோர் கைவிடுதல் முறையாகும்.