குடியும் கோலும்: வித்துவக்கோட்டுப் பதிகத்தின் அடைக்கல உவமைகள்

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலாங்கூருக்கு எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்றங்கரையில் அமைந்தது தஞ்சோங் மாலிம். 1922-இல் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியால் அஃது ஆசிரியர்களின் ஊர் எனப் பெயர் பெற்றது. அக்கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாயிற்று. தமிழாசிரியர்களும் இன்று அங்கே உருவாகின்றனர். பக்திப் பாடல்களை மாணவர்க்கு விளக்கும் பொறுப்பு அவர்களுடையது. ‘நம் கைக்கு அடங்காத துன்பம் வந்தபோது இறைவனை நம்பியிருத்தல்’ என்னும் பொருளை அவர்கள் எடுத்துரைக்கும்போது, அவ்வூரின் வரலாறே ஒரு வினாவை எழுப்புகின்றது.

1952 மார்ச்சு 25-ஆம் நாள், அவசரகாலத்தின் நடுவே, ஊர்க் குடிநீர்க் குழாயைச் சீர்ப்படுத்தச் சென்ற குழுவினர்மீது கெரில்லாப் படையினர் மறைந்திருந்து சுட்டனர், பன்னிருவர் மாண்டனர். இரண்டொரு நாளில் உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர் முழுமைக்கும் தண்டனை விதித்தார். நாள்தோறும் 22 மணி நேரம் ஊரடங்கு. இரண்டு மணி நேரமே வெளியே வரலாம். அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. தாம் அறிந்ததைப் பெயரிடாமல் எழுதித் தருமாறு வீடுதோறும் தாள் கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய இரு வாரம் இந்நிலை நீடித்தது. சுட்டவரைத் தடுக்க ஊராருக்கு ஆற்றல் இல்லை. தண்டித்தவரைத் தடுக்கவும் இல்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய எல்லாரும் கதவடைத்த வீட்டினுள் இருந்தனர்.

இத்தகைய நிலையில் இருப்பவர்க்கு, ‘துன்பம் தருபவன்பாலே அடைக்கலம் புகுக’ என்று கூறும் ஒரு பாடல் ஆறுதலாகுமா, அல்லது அடங்கிப் போகக் கற்பிக்கும் பாடமாகுமா? குலசேகராழ்வாரின் வித்துவக்கோட்டுப் பதிகம் இவ்வினாவுக்கு நேராக நிற்பது. ஆதலின் அதனைச் சற்று நெருங்கிப் பார்த்தல் தகும்.

105 பாசுரங்கள் கொண்ட பெருமாள் திருமொழியில் இஃது ஐந்தாம் பதிகம். மலைநாட்டுத் திருப்பதியாகிய வித்துவக்கோட்டுப் பெருமானை நோக்கிப் பாடப்பெற்றது. இறைவன் தரும் துயரை அவனே விலக்காது விடினும், வேறு புகல் இல்லை என்று பதிகம் தொடங்குகின்றது. ‘துயரை நீக்குக’ என்னும் வேண்டுகோள் இதன் உயிர்நிலை அன்று. ‘நீக்காவிடினும் நீங்கேன்’ என்னும் உறுதியே உயிர்நிலை. இவ்வொன்றை மறந்து, நம்பினால் துன்பம் தீரும் என்று மட்டும் பொருள் கூறுவது பதிகத்தைச் சுருக்கிவிடுவதாகும்.

அவ்வுறுதியை விளக்க ஒன்பது பாசுரங்களில் ஒன்பது உவமைகள் அமைந்துள்ளன. சினந்த தாய் தள்ளினும் அவளையே நினைந்தழும் குழந்தை. பிறர் இகழும் செயல் செய்யினும் கணவனையே அறியும் மனைவி. எத்துயர் செய்யினும் வேந்தனது ஆட்சியையே பார்த்து வாழும் குடிமகன். அறுத்துச் சுட்டாலும் மருத்துவன்மேல் அன்பு மாறாத நோயாளி. இந்நான்கும் மனித உறவுகள். நான்கிலும் நம்பப்படுபவரே துன்பமும் தருகின்றார்.

பின்வருவன வேறு வகையின. நடுக்கடலில் கரை காணாது மீண்டு மரக்கலத்தின் பாய்மரத்திற்கே வரும் பறவை. வெப்பம் எரிப்பினும் கதிரவனுக்கே மலரும் தாமரை. மழை மறந்த காலத்தும் முகிலையே பார்த்திருக்கும் பயிர். எங்குத் திரியினும் கடலையே சேரும் ஆறு. பறவைக்குக் கலம் துன்பம் செய்யவில்லை. வேறு கரை இல்லாமையே அதன் நிலை. பயிருக்கு முகில் துன்பம் செய்யவில்லை, வராமையே துன்பம். தருகின்ற துன்பம், மாற்றிடம் இல்லாத துன்பம், காத்திருக்கும் துன்பம் எனத் துன்பத்தின் வகைகளை ஆழ்வார் பிரித்துக் காட்டுகின்றார். துன்புறுவோர் எல்லார்க்கும் ஒரே மருந்தை அவர் நீட்டவில்லை.

இவற்றுள் இன்றைய வாசகரை இடறச் செய்வன இரண்டு. மனைவி உவமையை இல்லறத்திற்குரிய நெறியாக இன்று கொள்ள இயலாது. அது பாடிய காலத்தின் வழக்கத்தைக் காட்டுவது என்று ஆசிரியர் மறைக்காமல் சொல்லிவிடுதலே நன்று. குடிமகன் உவமை அதனினும் கூர்மையானது. துயர் செய்யும் வேந்தனை நோக்கியே வாழ்க என்று இது கற்பிக்குமாயின், தஞ்சோங் மாலிமில் அடைபட்டிருந்தவர்க்கு இப்பதிகம் துணையாகாது, தண்டித்தவர்க்கே துணையாகும்.

உவமை இலக்கணம் இவ்விடத்தில் கைகொடுக்கின்றது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனைப் பற்றி உவமை தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. உவமிக்கப்படும் இரண்டும் எல்லாவற்றாலும் ஒத்திருத்தல் வேண்டா. இப்பதிகத்தில் உவமை உருபு எங்கே சேர்கின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். ‘இறைவன் வேந்தன் போன்றவன்’ என்பது பாசுரத்தின் நேர்க்கூற்று அன்று. ‘யான் குடிமகன் போல் இருந்தேன்’ என்பதே கூற்று. குழந்தை, நோயாளி, பறவை, பயிர் ஆகியவற்றோடும் பாடுவோன் தன்னையே ஒப்பிடுகின்றான். பற்றி நிற்கும் வினையே பொதுத்தன்மை. பற்றப்படுபவரின் பண்பு அன்று. வேந்தனுடைய கொடுமைக்கு இப்பாசுரம் நற்சான்று வழங்கவில்லை.

ஒன்பதாம் பாசுரம் இதனை ஐயமின்றிக் காட்டுகின்றது. இறைவனையே விரும்பிச் செல்வத்தை வெறுத்தவனைச் செல்வம் தானே தேடி வருவதுபோல், இறைவன் தன்னை விரும்பாவிடினும் தான் அவனையே விரும்பி நிற்பதாக அடியவன் கூறுகின்றான். இங்கே அவன் தன்னை ஒப்பிடுவது, வேண்டாதவனைத் துரத்தும் செல்வத்தோடு. பண்பை ஒப்பிட்டால் இவ்வுவமை நகைப்புக்கிடமாகும். வினையை ஒப்பிட்டால் சிறக்கும். மூன்றாம் பாசுரத்தையும் இவ்வழியே படித்தல் முறையாகும்.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. இதனைப் பாடியவர் சேர வேந்தர் என்பது மரபு. முந்திய பதிகத்தில் அவர் அரச வாழ்வை வேண்டாது, திருவேங்கடத்தில் ஒரு பறவையாகவேனும் மீனாகவேனும் பிறக்க விழைகின்றார். முடியைத் துறக்க விரும்பியவர், இங்கே தம்மைக் குடிமகன் இடத்தில் வைத்துப் பேசுகின்றார். அரியணையில் இருந்துகொண்டு குடிகளுக்குப் பொறுமை போதிக்கும் குரல் இது அன்று.

ஆயினும் இலக்கண நுட்பம் ஒன்றே போதும் என்று விட்டுவிடுதல் கூடாது. உவமை மனத்தில் பதியும்போது இலக்கணத்தைக் கேட்டுப் பதிவதில்லை. ஆதலின் இப்பதிகத்தோடு திருநாவுக்கரசரின் மறுமாற்றத் திருத்தாண்டகத்தையும் சேர்த்துக் கற்பித்தல் நலம். பல்லவ வேந்தனின் அமைச்சர் தம்மை அழைத்துச் செல்ல வந்தபோது அவர் இதனைப் பாடினார் என்பது பெரியபுராண வரலாறு. மனிதர் எவர்க்கும் தாம் ஆட்பட்டவர் அல்லர், கூற்றுவனுக்கும் அஞ்சுவதில்லை என்பதே அதன் கருத்து. பின்னர் நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுதலும் வந்தன. அவற்றுள் எதனையும் ‘இறைவன் தந்தது, ஆதலின் வேந்தன் செய்தது சரி’ என்று நாவுக்கரசர் ஏற்கவில்லை. துன்பத்தை ஏற்றார், துன்பம் செய்தவனது உரிமையை ஏற்கவில்லை.

இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. குலசேகரர் பாடல் இறைவனைப் பற்றுதற்கு எல்லை இல்லை என்கின்றது. நாவுக்கரசர் பாடல் அப்பற்றினை மனித ஆட்சிக்கு மாற்றிக் கொடுக்கலாகாது என்கின்றது. முன்னதை மட்டும் கற்றவன் அடிமையாகக் கூடும். பின்னதை மட்டும் கற்றவன், வெல்ல இயலாத துன்பம் வரும்போது உடைந்துபோகக் கூடும். மலாயாத் தமிழரின் வரலாற்றில் இரண்டுக்கும் தேவை இருந்தது. 1942, 1943-இல் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், பலர் மீளவில்லை. அவர்களது துயரைத் தலைவிதி என்று ஒரு சொல்லில் முடித்தல் அறமாகாது. அவர்களுள் எவரேனும் இறைவன் பெயரைச் சொல்லி ஓர் இரவைக் கடந்திருப்பாராயின், அதனைப் பேதைமை என்று தள்ளுதலும் அறமாகாது.

வகுப்பறையில் இப்பதிகத்தை எடுக்கும் ஆசிரியர், ஒவ்வோர் உவமைக்கும் மாணவரிடம் இரண்டு வினாக்கள் கேட்கலாம்: இங்கே துன்பம் எங்கிருந்து வருகின்றது? பற்றி நிற்பவர்க்கு வேறு வழி உண்டா? மருத்துவன் வாளுக்கும் வேந்தன் வாளுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவரே சொல்லிவிடுவர். நோயாளி தன் நலம் கருதி வாளுக்கு உடன்படுகின்றான். குடிமகனை எவரும் கேட்பதில்லை. பாய்மரப் பறவையின் நிலையும் அவர்களுக்கு விளங்கும். அது கடலை நல்லதென்று சொல்லவில்லை. பறந்து பார்க்காமலும் இருக்கவில்லை. எல்லாத் திசையும் சென்று பார்த்துக் கரை காணாமல்தான் கலத்திற்கு மீள்கின்றது. செய்ய வேண்டுவன எல்லாம் செய்த பின்னர், கைக்கு அடங்காத எஞ்சிய பகுதியை இறைவனிடம் விடுதல் என்பதற்கு ஆழ்வார் தந்த விளக்கங்களுள் இப்பாசுரமே மிகத் தெளிவானது. கதவடைத்த வீடுகளில் இரு வாரம் இருந்த ஓர் ஊரின் மாணவர்க்கு முதலில் கற்பிக்கத் தக்கதும் இதுவே.