முந்திரிக்காடும் சுரங்கமேடும்: சிறு குழுச் சுற்றுலா குறித்த ஒரு மதிப்பீடு

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மிகாத ஒரு குழு, பெயர் பெற்ற தலங்களை விடுத்து, வெளியுலகம் அதிகம் அறியாத நாட்டுப்புறப் பகுதியொன்றில் சில நாட்கள் தங்கி, அங்குள்ள இயற்கையையும் மக்களின் வாழ்க்கை முறையையும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையோடு அறிந்துகொள்ளும் பயண முறையே சிறு குழுச் சுற்றுலா எனப்படுகிறது. இதன் கருத்து இந்தியாவுக்குப் புதிதன்று. 2000களின் தொடக்கத்தில் இந்தியச் சுற்றுலா அமைச்சகமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் இணைந்து 36 ஊர்களில் நடத்திய கிராமியச் சுற்றுலாத் திட்டத்தில் தமிழ்நாட்டின் காரைக்குடியும் கழுகுமலையும் இடம்பெற்றன. கேரளம் குமரகம் உள்ளிட்ட சில இடங்களில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாவைப் பின்னர் மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் விரித்தது. கூட்டச் சுற்றுலாவைவிட இம்முறை சூழலுக்குக் குறைந்த தீங்கே செய்கிறது, வருவாயை ஊருக்குள் நிறுத்துகிறது, உள்ளூர்ப் பண்பாட்டுக்கு மதிப்புத் தேடித் தருகிறது என்னும் மூன்று வாதங்கள் இதற்கு ஆதரவாக வைக்கப்படுகின்றன. மலைச்சாரலிலும் காயற்கரையிலும் இவ்வாதங்களை மெய்ப்பிப்பது எளிது. இயற்கையே ஒரு தொழிலால் புரட்டிப் போடப்பட்ட நிலத்தில் அவை எவ்வளவு நிற்கும் என்பதே கடினமான சோதனை. அதற்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்க நகரான நெய்வேலியையும் அதைச் சூழ்ந்த நடுநாட்டையும்விடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் அரிது.

தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்ட பகுதியே நடுநாடு என வழங்குகிறது. இங்கே ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே பழுப்பு நிலக்கரி பற்றிய தேடலுக்கு வழிவகுத்தது. 1956இல் நெய்வேலியில் சுரங்க நிறுவனம் உருவாகி, 1957இல் சுரங்கப் பணி தொடங்கி, 1962இல் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அனல்மின் உற்பத்தியும் தொடங்கியது. எண்ணிட்ட வட்டங்களும் நிழல் தரும் சாலைகளும் கொண்ட நெய்வேலி நகரியத்தை விட்டு ஓரிரு மணி நேரம் பயணித்தால், இராமலிங்க அடிகள் 1867இல் சத்திய தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞான சபையையும் நிறுவிய வடலூர், பழமலைநாதர் உறையும் விருத்தாசலம், பூவராகர் கோயில் உள்ள ஸ்ரீமுஷ்ணம், 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பிச்சாவரம், செம்மண் மேட்டில் பரந்து கிடக்கும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் என எதையும் எட்டிவிடலாம். இவ்வளவு வளம் இருந்தும் கோயில்களுக்கும் பிச்சாவரத்துக்கும் வருவோரைத் தவிர, இப்பகுதியை ஒரு முழுமையாகக் கண்டறிய வருவோர் மிகக் குறைவு.

சிறு குழு என்னும் அளவு இத்தகைய நிலத்தில் உண்மையான பயன் தரக்கூடியது. நடுநாட்டின் பண்பாடு கோபுரங்களைவிடப் பேச்சிலும் உழைப்பிலும் விழாவிலும் கூடுதலாக உறைந்திருக்கிறது. எழுத்தாளர் கண்மணி குணசேகரன் இவ்வட்டாரத்துக்கெனத் தனியே நடுநாட்டுச் சொல்லகராதி தொகுக்க வேண்டியிருந்ததும், எழுத்தாளர் இமையத்தின் கதைகள் இம்மண்ணின் பேச்சிலேயே உயிர் கொள்வதும் இதற்குச் சான்று. திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதம் படிக்கப்பட்டு, இரவு முழுவதும் தெருக்கூத்து நிகழ்ந்து, இறுதியில் தீமிதியோடு நிறைவுறும் அந்நீண்ட நிகழ்வை ஐந்து பேருந்துகளில் வந்திறங்கும் கூட்டத்தால் உள்வாங்க முடியாது. ஊர்மக்களோடு தரையில் அமர்ந்து விடியும்வரை விழித்திருக்க ஆயத்தமான பத்துப் பேரால் முடியும். சித்திரை, வைகாசியில் முந்திரித் தோப்புக்குச் செல்லும் குழுவும் அவ்வாறே. கொட்டையை உடைக்கும் பெண்களின் விரல்களை அதன் ஓட்டுப்பால் எப்படிப் புண்ணாக்குகிறது என்பதையும், 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயல் ஒரே இரவில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபின் புதுக் கன்று காய்க்கும்வரை குடும்பங்கள் எதைக்கொண்டு பிழைத்தன என்பதையும் கேட்டறிய அக்குழுவுக்கு நேரமும் அமைதியும் வாய்க்கின்றன. இவ்வாறு கேட்கும் வாய்ப்பே இம்முறையின் தலையாய சிறப்பு. மற்றவை இதற்கு அடுத்தே வரும்.

ஆயினும் சிறுமை என்பது தானாகவே காப்பாகிவிடுவதில்லை. ஓர் இடம் தன் இயல்பு குன்றாமல் எத்தனை பேரை ஏற்கும் என்பதைத் தாங்குதிறன் என்பர். பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு இதற்குள் அடங்கலாம். ஆனால் நாளொன்றுக்கு அத்தகைய பத்துக் குழுக்கள் வந்தால், ஒவ்வொரு குழுவும் தன்னைச் சிறியதென்றே எண்ணிக்கொண்டிருக்க, ஊர் நூற்றிருபது பேரைத் தாங்க வேண்டியிருக்கும். பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில் படகுகள் நுழையும் கால்வாய்கள் குறுகியவை. அங்கே குழுவின் அளவைவிடப் படகுகளின் மொத்த எண்ணிக்கையே கருதத்தக்கது. வருவாய் குறித்த வாதமும் இப்படியே ஆராயத்தக்கது. பதிவும் வண்டியும் தங்குமிடமும் சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ளவர் கையில் இருந்துவிட்டால், ஊருக்கு எஞ்சுவது ஒரு வேளைச் சாப்பாட்டுக் கூலியும் வழிகாட்டும் இளைஞருக்கு அன்றைய ஊதியமும் மட்டுமே. கூத்தும்கூட விருந்தினரின் பயண நேரத்துக்கேற்ப ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டு, சாமிக்கும் ஊருக்கும் உரியதாக இருந்த ஒன்று விலைக்கு ஆடப்படும் காட்சியாகக் குறைந்துவிடும் இடர் உண்டு. கூத்தர்க்குக் கூடுதல் வருமானம் தேவை என்பதை மறுக்க இயலாது. எனினும் விழாக் காலத்தில் வந்து முழு இரவும் இருப்போர் தரும் பணமும், சுருக்கப்பட்ட ஆட்டத்துக்குத் தரப்படும் பணமும் கலைக்குச் செய்வது ஒன்றன்று.

இவற்றைவிட ஆழமான குறை, இம்முறை நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பார்வையில் இருக்கிறது. அறியப்படாத நாட்டுப்புறம் என்று விளம்பரம் செய்வோர் பெரும்பாலும் கை படாத நாட்டுப்புறத்தையே மனத்திற்கொள்கின்றனர். அதனால் வழித்தடம் வகுக்கும்போது சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தோன்றுகிறது. நடுநாட்டில் அப்படிச் சுற்றிப் போக வழியில்லை. நெய்வேலியின் அடிநிலத்தில் அழுத்தத்தோடு தேங்கியுள்ள நீரைத் தொடர்ந்து இறைத்தால்தான் திறந்தவெளிச் சுரங்கம் இயங்கும். அவ்வாறு இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனமாகிறது. ஏரிக்கரையில் நின்று நீர்ப்பறவைகளைக் காட்டும் வழிகாட்டி அந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாவிட்டால், சுற்றியுள்ள ஊர்களில் கிணற்றுநீர் ஆழத்துக்கு இறங்கியதைச் சொல்லாவிட்டால், அங்கே காட்டப்படும் இயற்கை பாதி உண்மையே. அதற்கு நேர்மாறான குறையும் உண்டு. வாளிச் சக்கர அகழ்பொறியின் பேருருவையும், அகழ்ந்த மேல்மண்ணைக் கொட்டிய மேடுகளில் வளர்க்கப்பட்ட மரங்களையும், அங்கே அமைந்த பூங்காவையும் மட்டும் காட்டும் சுரங்கச் சுற்றுலா, அம்மேடுகளின் அடியில் எந்த ஊர்களின் நன்செய் இருந்தது என்னும் கேள்விக்கு இடம் தருவதில்லை. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்தையொட்டிப் பரவனாற்றை மாற்றுப் பாதையில் திருப்புவதற்காக வளையமாதேவியில் கதிர் வாங்கும் பருவத்து நெல்வயல்களுக்குள் இயந்திரங்கள் இறங்கியது தமிழகம் முழுவதையும் உலுக்கியது. அவ்வூர் இல்லாத நடுநாட்டுப் பயணத் திட்டம் எதுவும் நடுநாட்டைக் காட்டியதாகாது.

அதே வேளையில், நிலம் இழந்தோரின் துயரைக் காட்சிப் பொருளாக்கும் உரிமை எந்தப் பயண நிறுவனத்துக்கும் இல்லை என்னும் மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. இதற்குச் செருமனியின் கிழக்கிலுள்ள லவுசிட்சு பகுதி பயனுள்ள ஒப்பீடு தருகிறது. நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரிப் பூமியான அங்கு, சோர்பியர் எனப்படும் சிறுபான்மை மக்களின் ஊர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் முழுமையாகவோ பகுதியாகவோ சுரங்கத்துக்குள் போயின. கைவிடப்பட்ட குழிகள் பல இன்று ஏரிகளாகிவிட்டன. சுமார் 500 மீட்டர் நீளமுள்ள எஃப் 60 என்னும் மண் கடத்தும் பாலப்பொறி 2002 முதல் பார்வையாளர்க்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. இவற்றோடு, இடம்பெயர்க்கப்பட்ட ஓர்னோ என்னும் ஊரின் மக்கள் குடியேறிய புதிய ஊரில் மறைந்த ஊர்களுக்கான ஆவணக் காப்பகம் ஒன்றும் உள்ளது. அங்கே செல்பவர் ஊர்களின் பெயர்களையும் அவற்றின் கதையையும் அறிகிறார், எவருடைய வீட்டு வாசலிலும் போய் நிற்பதில்லை. நெய்வேலியைச் சுற்றி இழந்த ஊர்களுக்கும் அத்தகைய ஓர் இடம் வேண்டும். கோயில், குளம், களத்துமேடு, சுடுகாடு ஆகியவற்றின் பெயர்கள் நினைவில் உள்ள முதியோர் இருக்கும்போதே அது தொடங்கப்பட வேண்டும். தாமதம் இங்கே ஈடுசெய்ய முடியாதது.

மதுரையில் பசுமை நடை என்னும் அமைப்பு பல ஆண்டுகளாக நடத்திவரும் பயணங்கள் இவ்விவாதத்துக்கு இன்னொரு கோணத்தைத் தருகின்றன. அவை விடுமுறைச் சுற்றுலா அல்ல. நகரத்தவரும் ஊராரும் சேர்ந்து சமணர் குன்றுகளுக்கும் குடைவரைகளுக்கும் நடந்து சென்று கற்கும் கூட்டம், பல நேரங்களில் பெருங்கூட்டம். அந்நடைகள் சென்ற இடங்களுள் ஒன்றான அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தபோது ஊர் ஊராக எழுந்த எதிர்ப்பையடுத்து 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. நடைகளே அதைச் சாதித்தன என்பது மிகையாகும், போராடியவர்கள் ஊர்மக்கள். ஆனால் தமிழிக் கல்வெட்டையும் வல்லூறையும் குடைவரையையும் பெயர் சொல்லி வாதிட வெளியூரிலும் ஆட்கள் இருந்தனர் என்பது சிறிய செய்தியன்று. மீண்டும் மீண்டும் ஒரே நிலத்துக்குத் திரும்பி வருவதால் விளையும் இந்தப் பற்றை, ஒரு முறை வந்து அடுத்த ஆண்டு வேறொரு அறியப்படாத பகுதியைத் தேடிப் போகும் பயணத்தால் தர இயலாது. ஆகவே குழுவின் அளவைவிடத் திரும்பி வருதலே கூடுதலாக எண்ணத்தக்க அளவுகோல்.

நடுநாட்டில் இம்முறை தொடங்கப்படுமானால், வழித்தடத்தை வகுக்கும் பொறுப்பு கிராம சபையிடம் இருப்பதே முறை. எந்த மாதத்தில் எத்தனை பேர் வரலாம், கூத்தின்போது படமெடுக்கலாமா, முந்திரி உடைக்கும் கொட்டகைக்குள் எவர் அழைப்பின்மேல் நுழையலாம், நிலமெடுப்பைப் பற்றிப் பேச விரும்புவோர் எவர் என்பவற்றை அச்சபை முடிவு செய்து, வரும் தொகையின் கணக்கை ஊர்முன் வைக்க வேண்டும். குழு வர வேண்டாம் என்று ஓர் ஊர் சொல்லுமானால் அம்மறுப்பு காரணம் கேட்கப்படாமலே ஏற்கப்பட வேண்டும். நிலத்தைக் கொடுப்பதா என்னும் கேள்வியில் அந்த வாய்ப்பு இவ்வூர்களுக்குக் கிடைத்ததில்லை.