தூளிக்குள் வளையும் கழுத்து

மருத்துவமனையிலிருந்து பிள்ளையோடு வந்த அன்றே எங்கள் வீட்டில் உத்தரத்துக் கொக்கியில் பாட்டியின் பழைய நூல் சேலை ஏறிவிட்டது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன சேலை. மேலே ஒரு முடிச்சு, விரித்துப் பிடிக்கத் தொட்டில் கம்பு, அடியில் மடித்த வேட்டி. என் பிள்ளைகள் இருவரும் அதில்தான் உறங்கினார்கள், நன்றாகவே வளர்ந்தார்கள். “நாங்கல்லாம் தூளியில வளரலையா?” என்று கேட்பவர்களுக்கு நானும் ஒரு சாட்சி. ஆனால் இந்த வழக்கில் பிழைத்தவர்கள் மட்டும்தான் சாட்சி சொல்ல வருகிறார்கள். அதனால்தான் தூளியை ஒருமுறை நிதானமாக நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

சில ஊர்களில் தூளி, சில ஊர்களில் வெறுமனே தொட்டில், ஈழத்தில் ஏணை. பெயர் எதுவானாலும் அது உழைக்கும் பெண்ணின் கண்டுபிடிப்பு. களையெடுக்கப் போனவள் வரப்போரத்து வேப்பங்கிளையில் சேலையைக் கட்டிப் பிள்ளையைக் கிடத்தினால் எறும்பு ஏறாது, தேள் அண்டாது, நாய் முகராது. ஒற்றை அறை வீட்டில் அது இடத்தை அடைக்காது. ஆட்டும் கயிற்றைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு அரிசி புடைக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய எதுவும் அதில் இல்லை.

இவற்றைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. தூளியில் பச்சைப் பிள்ளையை மல்லாக்கத்தான் போடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் கிழவிகள் கடைப்பிடித்த இந்த ஒன்றைக் கற்க மேலை நாடுகள் கொடுத்த விலை அதிகம். பெஞ்சமின் ஸ்போக்கின் புகழ்பெற்ற பிள்ளை வளர்ப்பு நூல் 1950-களின் பதிப்பிலிருந்து குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. கக்கினால் புரையேறாது, தலையும் தட்டையாகாது என்பது காரணம். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அதை நம்பினார்கள். இரவில் நலமாகப் படுத்த பிள்ளை காலையில் உயிரோடு இல்லை. அதற்குத் ‘தொட்டில் மரணம்’ என்று பெயர் வைத்தார்களே தவிரக் காரணம் பிடிபடவில்லை. ஹாங்காங்கில் இந்த மரணம் அரிதாக இருப்பதையும், அங்கே சீனக் குழந்தைகள் மல்லாந்து உறங்குவதையும் 1985-இல் டேவிஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் சேர்த்துச் சுட்டினார். 1991-இல் பிரிட்டனில், தன் கைக்குழந்தையை இப்படி இழந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் விடாமல் போராடிய பிறகே அரசு பெரிய அளவில் பிரசாரம் செய்தது. அமெரிக்காவில் 1992-இல் அறிவுரை மாறியது, 1994-இல் இயக்கமாக நடந்தது. பத்தாண்டுக்குள் இந்தத் திடீர் சிசு மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருந்தில்லை, ஊசியில்லை, பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். 1970-லேயே கைவசம் இருந்த சான்றுகளைத் திரட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும் வரி அது.

ஆக, கிடையில் நம் வழக்கம் சரி. தவறு இருப்பது தளத்தில்.

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. பின்மண்டை புடைத்திருக்கும், கழுத்தோ இன்னும் நிற்காது. தட்டையான தரையில் கிடத்தினால் கழுத்து நேராக இருக்கும், மூச்சுப்பாதை திறந்திருக்கும். தூளியின் அடிப்பகுதி வில்போல் வளைகிறது. பிள்ளையின் இடுப்பு பள்ளத்தில் இறங்க, தலை மேடேறி முன்னால் சாய, மோவாய் நெஞ்சில் போய் அழுந்துகிறது. ஒரு ஸ்ட்ரா அளவே உள்ள, இன்னும் இறுகாத மூச்சுக்குழல் அங்கே மடிந்து குறுகுகிறது. பெரியவர்களானால் தலையை நிமிர்த்திக்கொள்வோம். ஒரு மாதக் குழந்தைக்கு அதற்கான கழுத்து வலு இல்லை. மூச்சு முட்டும் குழந்தை கதறும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காற்றுப் போகாத தொண்டையிலிருந்து சத்தம் வராது. பிள்ளை அசந்து தூங்குகிறது என்றே வீட்டார் நினைப்பார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்.

இதைப் பழைமையின் குறை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் பிஷர் பிரைஸ் நிறுவனம் 2009-இல் ‘ராக் அண்ட் பிளே’ என்ற சாய்வுத் தொட்டிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாய்வு ஏறத்தாழ 30 பாகை. அழுகிற பிள்ளை அதில் உடனே அடங்கியதால் பெற்றோர் கொண்டாடினார்கள். 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த செய்தி வெளியான பிறகு, 2019 ஏப்ரலில், சுமார் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. 2022-இல் 10 பாகைக்கு மேல் சாய்ந்த சிசுப் படுக்கைகளுக்கு அங்கே சட்டமே தடை விதித்தது. நம் சேலைத் தூளியின் வளைவை யாரும் பாகைமானி வைத்து அளப்பதில்லை. ஆனால் அதில் மோவாய் நெஞ்சைத் தொடுவதைப் பார்க்கக் கண் போதும்.

ஆபத்துக்குத் துணியும் ஒரு காரணம். தொட்டில் கம்பு இல்லாத தூளியில் இரு பக்கமும் கூடி முகத்தை மூடிக்கொள்கின்றன. விட்ட மூச்சையே பிள்ளை திரும்ப இழுக்கிறது. புரளும் வயது வந்துவிட்டால் கதை வேறு. துணிக்குள் கவிழ்ந்த குழந்தைக்குக் கையூன்றி எழ கெட்டியான இடம் கிடைக்காது. தொங்கும் சேலையில் விளையாடி, கழுத்து இறுகி இறந்த பெரிய பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தட்டையில் மல்லாக்கப் போடச் சொன்னால் இரண்டு மறுப்புகள் உடனே வரும். கக்கினால் புரையேறாதா என்பது முதலாவது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்த பால் கீழேயே தங்கும், மேலேறி மூச்சுக்குழலுக்குள் போவது கடினம். குப்புறப் போட்டால்தான் அது மூச்சுவாயிலில் வந்து தேங்கும். ஒருக்களித்துப் போடுவதும் உதவாது, அந்தக் கிடை நிலைக்காமல் பிள்ளை குப்புறச் சரிந்துவிடும். இரண்டாவது மறுப்பு, தலை சப்பையாகிவிடும் என்பது. ஓரளவு உண்மை. விழித்திருக்கும் நேரத்தில், நாம் பக்கத்தில் இருக்கையில், சிறிது நேரம் குப்புற விட்டு விளையாடவைத்தால் போதும், கழுத்தும் வலுப்படும். அதற்காகக் கடுகுத் தலையணை வேண்டாம். எந்தத் தலையணையும் கழுத்தை மடக்கும். சீர் வரிசையில் வந்து குவியும் பஞ்சு மெத்தையும், சுற்றிலும் குட்டித் தலையணைகள் வைத்த கொசுவலைப் படுக்கையும் தூளியைவிட நவீனமாகத் தெரியலாம், பாதுகாப்பில் தூளியைவிட மேலல்ல. கொசுவலையை வைத்துக்கொண்டு தலையணைகளை எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் பிள்ளையை எங்கே போடுவது? விடை வீட்டு மூலையில் சுருட்டி வைத்திருக்கிறது. தரையில் விரித்த கோரைப்பாய், அதன்மேல் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த ஒற்றைத் துணி. கெட்டியானது, தட்டையானது, கீழே விழ இடமில்லாதது. தாயின் பாய்க்குப் பக்கத்தில் தனிப் பாய் என்றால் இன்னும் நல்லது. ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில், ஆனால் தனித் தளத்தில். இன்றைய மருத்துவம் சொல்வதும் இதைத்தான். இரவில் பால் கொடுத்தபடியே கண்ணயர்ந்துவிடும் பச்சை உடம்புக்காரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சோபாவிலோ மெத்தைக் கட்டிலிலோ அயர்வதைவிடப் பாயில் அயர்வது ஆபத்துக் குறைந்தது. வீட்டில் பீடி, சிகரெட் புகைப்பவரோ குடித்துவிட்டு வருபவரோ அந்தப் பாயில் படுக்கக் கூடாது. பிள்ளை இருக்கும் அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

தூளியை அறுத்தெறியச் சொல்ல மாட்டேன். தாலாட்டு அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. அழும் பிள்ளையைத் தேற்ற, முகம் தெரிய, ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆட்டலாம். கண் சொருகியதும் பாய்க்கு மாற்றிவிட வேண்டும். மாற்றினால் பாதிப் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும், தெரியும். அந்த அலுப்பையும் பட்டவள்தான் நான். என்றாலும் இரவு முழுதும் இருட்டில் தூளியில் விடுவது தவறு.

நான் பிரசவித்த மருத்துவமனையில் கிளம்பும்போது தடுப்பூசி அட்டை கொடுத்தார்கள், தாய்ப்பால் பற்றிச் சொன்னார்கள், தொப்புளைத் தொடாதே என்றார்கள். பிள்ளை எதில் உறங்கப்போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தமிழக அரசு 2015-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் குழந்தைப் படுக்கையும் கொசுவலையும் உண்டு. இப்படிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு படுக்கையின்மீதும் மூன்று சொற்களை அச்சடிக்கலாம்: மல்லாக்க, தட்டையில், தலையணையின்றி. பேறுகால வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். எடை பார்த்து முடித்ததும், தயவுசெய்து ஒரு நிமிடம் தூளியையும் எட்டிப் பாருங்கள்.