நாலு படி: சரிவு மனையில் ஒரு வீட்டு ப்ளானை வாசித்தல்

தங்கை குடும்பம் கோத்தகிரிப் பக்கம் நாலு சென்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மனை வாங்கியிருக்கிறது. ரோட்டோரம் 42 அடி, உள்ளே 40 அடி. ரோடு வடக்கே, மேட்டில். அங்கிருந்து தெற்கு எல்லை வரை மொத்தம் 8 அடி இறக்கம், அதாவது ஐந்தடிக்கு ஓரடி. போன வாரம் இஞ்சினியர் போட்ட ப்ளான் வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே தங்கையின் குரல்: "அண்ணா, பாத்துச் சொல்லு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓகே சொல்லணுமாம்."

நான் இஞ்சினியர் இல்லை. வீடுகளைப் பற்றிப் படிக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் ஒரு ப்ளானும் ஒரு பிரதிதான். அதையும் விமர்சனமாக வாசிக்கலாம். அப்படி வாசித்ததில் கிடைத்த குறிப்புகள் இவை.

முதலில் ப்ளானின் நல்ல பக்கம். 24 அடி அகலம், 30 அடி ஆழம், எல்லா அறையும் ஒரே மட்டம். உள்ளே ஒரு படிகூடக் கிடையாது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. படி இல்லாத வீடு என்பது சின்ன விஷயமில்லை. இதை மனதில் வைத்துத்தான் மேலே படிக்கணும்.

பிரச்சினை தாளில் தெரியாது. ப்ளான் என்பது மேலிருந்து பார்க்கிற படம். அதில் சமவெளி மனையும் மலைச்சரிவும் ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டைப் பக்கவாட்டில் அறுத்துப் பார்க்கிற குறுக்குவெட்டுப் படம் கேட்டேன். "அது வேணாங்க, வேலை நடக்கறப்ப பாத்துக்கலாம்" என்று பதில். சரி, நானே போட்டேன். 30 அடி ஆழத்துக்கு 6 அடி இறக்கம். ஒரே மட்டமாக்க, வடக்குப் பாதியில் 3 அடி வரை வெட்டி, அந்த மண்ணைத் தெற்குப் பாதியில் 3 அடி உயரத்துக்குக் கொட்டணும். கணக்குப் பார்த்தால் 540 கன அடி மண்.

சமையலறை எங்கே? தென்கிழக்கில், அக்னி மூலையில். அதாவது கொட்டிய மண் அதிக உயரத்துக்கு நிற்கிற விளிம்பில். வீட்டிலேயே அதிகம் தண்ணீர் புழங்குகிற இடங்களில் ஒன்று, மனையிலேயே பலவீனமான மண்ணின் மேல். கொட்டிய மண் வருடக்கணக்கில் அமுங்கும். அமுங்கினால் தரை விரியும், சிங்க்கிலிருந்து போகிற குழாயின் இணைப்பு விடும், ஒழுகுகிற தண்ணீர் அதே மண்ணுக்குள் இறங்கும், ஈர மண் தடுப்புச் சுவரைத் தள்ளும். 2009 நவம்பர் மழையில் நீலகிரி பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, நீர் குடித்த சரிவு மண் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் லாரி பேக்கரை எடுத்தேன். கட்டடச் செலவைக் குறைப்பது பற்றி அவர் கையாலேயே எழுதி, வரைந்து போட்ட சிறு கையேடு பலருக்குத் தெரிந்திருக்கும். சரிவு நிலம் பற்றி அதில் ஒரு எளிய பாடம் உண்டு: வீட்டின் நீளப்பக்கத்தைச் சம உயரக் கோட்டுக்கு இணையாக வை, வெட்டுவதும் நிரப்புவதும் குறையும். நம் மனையில் போட்டுப் பார்த்தேன். 24×30-ஐ 32×22 ஆக்கினால் பரப்பு 720-லிருந்து 704 சதுர அடி, பெரிய இழப்பில்லை. மண்வேலை 540-லிருந்து 387 கன அடி. அதையே 11 அடி ஆழமுள்ள இரண்டு பட்டைகளாகப் பிரித்து, மேல் பட்டை ஒரு மட்டம், கீழ்ப் பட்டை ஒரு மட்டம் என்று வைத்தால் 194 கன அடிதான். கொட்டிய மண்ணின் உயரம் எங்குமே ஓரடிச் சொச்சத்தைத் தாண்டாது.

ஆனால் பேக்கரின் அந்தப் படத்தில் வீடு ஒரு முழுப் பெட்டி. உள்ளே எந்த அறை எந்த மட்டத்தில் என்பதை நாமேதான் யோசிக்கணும். நான் அங்கேதான் சறுக்கினேன். இரண்டு பட்டைக்கும் நடுவே 2.2 அடி வித்தியாசம், அதாவது 6.6 அங்குலத்தில் நாலு படி. என் முதல் படத்தில் சமையலறை மேலே. ஹாலும் சாப்பாட்டு மேஜையும் கீழே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. பார்க்க ஜோராக இருந்தது. தங்கை ஒரே கேள்வி கேட்டாள்: "அம்மா கொழம்புச் சட்டிய யாருகிட்ட குடுத்து இறக்குவாங்க?"

கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்வந்தால் 40 படி ஏற்றம். 22 அடி, கிட்டத்தட்ட இரண்டு மாடி. வருடத்துக்கு 8,030 அடி. தொட்டபெட்டாவே கடல்மட்டத்திலிருந்து சுமார் 8,650 அடிதான். அதுவும் கையில் சூடான பாத்திரத்தோடு, கைப்பிடியைப் பிடிக்க முடியாமல்.

சமையலறைக்குள் நடையைக் குறைப்பது பற்றி நிறையப் பேர் யோசித்திருக்கிறார்கள். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃப்ராங்க்ஃபர்ட் சமையலறை அதில் முன்னோடி. ஏறக்குறைய 6 அடிக்கு 11 அடி. ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து உருவான இறுக்கம். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அமைத்தார்கள். ஒவ்வொரு எட்டையும் எண்ணிய வடிவமைப்பு அது. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இரண்டு குறை. ஒன்று, அது ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்கிற இடம். இரண்டு பக்கமும் இரண்டடி மேடை போட்டால் நடுவே இரண்டடிதான் மிஞ்சும். ஒருவர் தோசை ஊற்ற இன்னொருவர் கிரைண்டரைக் கழுவுகிற நம் வீட்டில் முட்டிக்கொள்வார்கள். எட்டடி அகலமாவது வேண்டும். இரண்டு, அது எண்ணியது சமதளத்து எட்டுகளை. மலையில் இரண்டடி ஏறி இறங்குவது பத்தடி நடப்பதைவிடக் கஷ்டம்.

ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இது: சரிவு மனையில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது சமையலறையின் மூலையை அல்ல, மட்டத்தை. ரோட்டு மட்டத்துக்குப் பக்கத்தில் சமையலறை, அதே மட்டத்தில் சாப்பாட்டு இடம், அம்மாவின் அறை, குளியலறை. 8, 8, 10, 4 அடி. சுவரோடு சேர்த்து 32 அடிக்குள் அடங்குகிறது. ரோட்டிலிருந்து இரண்டடி இறக்கம்தான். நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோ. அதை நாலு படி இறக்கினால் போதும். கீழ்ப் பட்டையில் ஹாலும் இன்னொரு படுக்கையறையும். அம்மா டிவி பார்க்க இறங்கலாம், கை காலியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

வாஸ்து? தென்கிழக்கு முடியாவிட்டால் வடமேற்கு, வாயு மூலை என்று வாஸ்து பார்ப்பவர்களே இரண்டாம் இடம் தருகிறார்கள். மச்சானுக்கு அது போதுமாம்.

இதற்கும் விலை உண்டு, மறைக்க வேண்டாம். வடமேற்கில் காலை வெயில் வராது; குளிரில் மாவு புளிப்பது இன்னும் தாமதமாகும். வெட்டிய மண்ணை ஒட்டிச் சுவர் எழுப்பினால் உப்பும் பருப்பும் நமுத்துப்போகும். மூன்றடி இடைவெளி விட்டு வடிகால் போட்டே ஆகணும். எல்லாவற்றையும்விட முக்கியம்: சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி படி இறங்கி ஹாலில் தேங்கும். ஒரே மட்ட வீட்டைவிட இங்கே ஆபத்து கூடுதல். சிலிண்டரை மேற்குச் சுவருக்கு வெளியே காற்றோட்டமான கூண்டில் வைத்து, சமையலறையின் மேற்குச் சுவரில் தரையை ஒட்டி ஒரு திறப்பு விடாமல் இந்த ப்ளானைக் கட்டவே கூடாது.

படத்தை இஞ்சினியருக்கு அனுப்பினோம். சமையலறையை மாற்றுவது சரி என்றார். இரண்டு மட்டம் என்றால் அஸ்திவாரமும் கான்கிரீட்டும் கூடும் என்கிறார், நியாயமான ஆட்சேபம்தான். மண்வேலையில் மிச்சமாவதும் இதில் கூடுவதும் எவ்வளவு என்று இரண்டு எஸ்டிமேட் கேட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஓகே தள்ளிப்போயிருக்கிறது.

உங்களிடமும் சரிவில் மனை இருந்தால், கையெழுத்துப் போடும் முன் குறுக்குவெட்டுப் படம் கேளுங்கள். தரவில்லையா, கட்டம் போட்ட நோட்டில் நீங்களே போடுங்கள். வீட்டில் சமைப்பவர் கையில் பென்சிலைக் கொடுத்து, சட்டியோடு போகிற வழியை அதில் வரையச் சொல்லுங்கள்.