அச்செழுத்தும் வாசகரும்

இலக்கியத்தின் உருவம், உள்ளடக்கம் பற்றி ஓயாது விவாதிக்கும் நாம், அவ்விலக்கியத்தைத் தாளில் ஏற்றும் அச்செழுத்தின் உருவம் பற்றிச் சிந்திப்பது அரிது. அது சொல்லைச் சுமக்கும் வெறும் கருவியே என்பது பொதுவான எண்ணம். ஜேர்மனியின் வரலாறு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது.

உரோமன் நெடுங்கணக்கின் அச்செழுத்துக்களுள் மூன்று பெரும் பிரிவுகளை இங்கு மனங்கொள்ளலாம். கூட்டன்பேர்க் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் விவிலியத்தை அச்சிடக் கையாண்ட, கோணமும் முறிவும் மிக்க கரியவெழுத்து ஒன்று. கோடுகளின் முனைகளில் சிறு பாதங்களைத் தாங்கிய செரிப் எழுத்து மற்றொன்று. அப்பாதங்களைக் களைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைப்புக்களிலும் விளம்பரங்களிலும் பரவிய சான்செரிப் எழுத்து மூன்றாவது.

யான் சிச்சோல்ட் என்னும் ஜேர்மன் அச்சுக்கலைஞர் 1928 இல் வெளியிட்ட ‘புதிய அச்சுக்கலை’ என்ற நூலில், சான்செரிப்பே தம் யுகத்துக்குரிய எழுத்து என வாதிட்டார். தேசியவாதிகள் கரியவெழுத்தை இனப்பெருமையின் சின்னமாகப் போற்றிய சூழலில், நாட்டெல்லை கடந்த ஓர் எழுத்தை அவர் நாடியமை முற்போக்கானதே. 1933 இல் நாஸிகள் அவரைச் சிறையிட்டனர். விடுதலையானதும் அவர் சுவிற்சர்லாந்து சென்றார்.

ஆயின் அதே நாஸிகள், 1941 ஜனவரி 3 ஆம் திகதி போர்மான் விடுத்த சுற்றறிக்கையில், கரியவெழுத்தை ‘யூத எழுத்து’ எனத் தூற்றி விலக்கினர். ஆதாரமற்ற அப்பொய்யைத் தாங்கிய தாளின் முகப்பே கரியவெழுத்தில் அச்சாகியிருந்தது! ஆக்கிரமித்த நாடுகளின் மக்களுக்கு அவ்வெழுத்து வாசிக்க எளிதன்று என்பதே முக்கிய காரணம் எனலாம். எனவே எழுத்தின் வடிவம் தன்னளவில் முற்போக்கோ பிற்போக்கோ அன்று. அதனைக் கையாள்வோரே அதற்கு அரசியல் அளிக்கின்றனர்.

சிச்சோல்டும் பின்னர் செரிப் எழுத்துக்கு மீண்டார். 1946 இல் மாக்ஸ் பில் அதனைப் பின்வாங்கல் எனக் கண்டித்தார். அதற்கு விடையிறுத்த சிச்சோல்ட், தமது பழைய பிடிவாதத்திற்கும் நாஸிகளின் மனப்பாங்கிற்கும் ஒப்புமை கண்டார். இவ்வொப்புமை மிகையானது, பயன்பாட்டுக்கேற்ற தெளிவு வேண்டும் என்ற அவரது பழைய கோரிக்கை இன்றும் செல்லும். எனினும், 1947 முதல் 1949 வரை பென்குயின் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புக்களைச் சீர்செய்த சிச்சோல்டையே நாம் மேலாக மதித்தல் வேண்டும். அங்கு அவர் ஒரு கொள்கையை நிலைநாட்ட முயலவில்லை. சாதாரண மக்கள் வாங்கும் நூலும் செம்மையாக அமைய உழைத்தார்.

பிரிவுகளின் பயனும் இதிலிருந்தே பெறப்படும். 1932 இல் இலண்டன் ரைம்ஸ் பத்திரிகைக்கென உருவான ரைம்ஸ் நியூ ரோமன், நெருங்கிய பத்திகளுக்கு உகந்த செரிப் எழுத்து. 1916 இல் எட்வேட் ஜோன்ஸ்ரன் இலண்டன் சுரங்க ரயிலுக்கு வரைந்தது, விரைந்து செல்வோரும் தூரத்தில் நின்று வாசிக்கத்தக்க சான்செரிப். கரியவெழுத்தும் அலங்கார எழுத்தும் ஓரிரு சொற்கள் கொண்ட தலைப்போடு நிற்றல் நன்று. பக்கம் முழுவதும் பரவின் வாசகரை வருத்தும்.

இன்று கணினி நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை மாணவர் முன் வைக்கின்றது. ‘எது அழகு?’ என்று அவர்கள் தொடங்குகின்றனர். யார், எவ்விடத்தில், எவ்வளவு நேரம் வாசிக்கப்போகின்றார் என்று தொடங்கக் கற்பிப்பது நம் கடமையாகும்.