மெனு எங்கே போச்சு?

ராணிப்பேட்டை பக்கம் தோல் கம்பெனி ஆபீஸுக்குள் போயிருக்கிறீர்களா? பதப்படுத்திய தோலுக்குச் சதுர அடிக் கணக்கு. எந்த இரண்டு தோலும் ஒரே அளவு இருக்காது. ஒவ்வொன்றாக அளந்து, எழுதி, கூட்டி, பாக்கிங் லிஸ்ட் போட வேண்டும். வாலாஜாபேட்டையில் பஸ் பிடித்து அங்கே வேலைக்குப் போகிற கணக்கருக்கு எக்ஸெல் ஒரு சாஃப்ட்வேர் இல்லை. சட்டைப்பை பேனா.

அந்தப் பேனாவில்தான் 2007 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கை வைத்தது. ஃபைல், எடிட், வியூ என்று வரிசையாக இருந்த மெனுக்களைக் காணோம். பதிலுக்கு 'ரிப்பன்' என்று அகலமாக ஒரு பட்டை. பழசே போதும் என்பவர்களுக்கு ஒரு பொத்தானாவது வைத்தார்களா? அதுவும் இல்லை.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 65,536 வரிசைகள் 10,48,576 ஆயின. 256 பத்திகள் 16,384 ஆயின. ரிப்பனுக்குச் சொன்ன காரணமும் நியாயம்தான்: ஜனங்கள் கேட்ட வசதிகளில் பல ஏற்கெனவே உள்ளே இருந்தன, மெனு இடுக்கில் யார் கண்ணிலும் படவில்லை.

வயிற்றெரிச்சல், வீடு பெருக்கும்போது குப்பையோடு போன சாமான்களைப் பற்றி. சார்ட்டில் கோடு, புள்ளி போட்டு நிரப்பும் வசதி போச்சு. கலர் பிரிண்டர் இல்லாத ஆபீஸில் எல்லாக் கம்பமும் சாம்பல் நிறம். எது ஜனவரி, எது பிப்ரவரி? சார்ட்டை அலங்கரிப்பதை மாக்ரோவாகப் பதிவு செய்வதும் நின்றது. ஃபோல்டரில் ஃபைல் தேடிக் கொடுத்த 'ஃபைல்சர்ச்' கட்டளையை நம்பிய மாக்ரோக்கள் படுத்துவிட்டன. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். யாரைக் கேட்பது?

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் வாட் வரி வந்ததும் அதே 2007 ஜனவரி. ஒரு கட்டத்துக்கு 'வி.ஏ.டி.2007' என்று பெயர் வைத்திருந்தால், பத்திகள் மூன்றெழுத்து வரை நீண்டதில் அது வேறொரு கட்டத்தின் விலாசம் ஆகிவிட்டது! ஃபைலைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது எக்ஸெல் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போடும். ஃபார்முலாக்கள் புரிந்துகொள்ளும். மாக்ரோ புரிந்துகொள்ளாது.

இதே எக்ஸெல், 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு தேதியை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறது. ஏன்? லோட்டஸ் 1-2-3-இல் அந்தத் தப்பு இருந்தது. லோட்டஸ்காரர்களின் ஃபைல்கள் குழம்பக்கூடாதே என்று தப்பையும் சேர்த்துச் சுமந்தார்கள். அடுத்தவன் வாடிக்கையாளரை இழுக்கும்போது அவ்வளவு மரியாதை. எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தபின் நாற்காலியை மாற்றிப் போடலாம், எங்கே போய்விடுவார்கள்! என் விமர்சனம் இதுதான். ரிப்பன் அழகா இல்லையா என்பதல்ல. 2010 பதிப்பில் ஃபைல் மெனு, சார்ட் கோடுகள், மாக்ரோ பதிவு மூன்றும் திரும்பி வந்தன. முணுமுணுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

பழைய 2003-க்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்துபோனது. அதையே கட்டிக்கொண்டு அழ முடியாது. என்ன செய்யலாம்? விரல்களை நம்புங்கள்: மதிப்பை மட்டும் ஒட்ட ஆல்ட், இ, எஸ், வி என்று தட்டுகிற பழைய வழி விண்டோஸில் இன்னமும் வேலை செய்கிறது. தினமும் தேவைப்படும் பத்துக் கட்டளைகளை மேலே உள்ள சின்னப் பட்டையில் ஏற்றிவிடுங்கள். மாக்ரோ உள்ள ஃபைலை 'எக்ஸ்.எல்.எஸ்.எம்.' என்றே சேமியுங்கள்; கடைசி எழுத்து 'எக்ஸ்' ஆனால், வருகிற எச்சரிக்கைக்குப் படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால், மாக்ரோ காலி.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாக்ரோ எதைக் கூட்டுகிறது, எதைக் கழிக்கிறது என்று சாதாரணத் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதற்கு யாரும் அப்கிரேடு அனுப்பமாட்டார்கள்.