தாடியும் வேடிக்கையும்

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், காமன் ஆடியதாகக் கூறப்படும் பேடிக்கூத்தைச் சாத்தனார் சித்திரித்துள்ளார். சுருண்ட தாடியும் பூங்குழலும் ஒருங்கே கொண்ட அக்கோலத்தைப் புகார் மாந்தர் சூழ்ந்து நின்று காண்கின்றனர். கவிச்சுவைக்குக் குறைவில்லை; ஆயினும் அக்கோலத்துக்குள் ஒரு மனத்தை நாம் காண்கிலோம்.

பெண்ணாய் வாழ விழையும் திருநங்கைக்குத் தாடி வேடிக்கையன்று, அன்றாட வேதனை. பெண்மைச் சுரப்பு மருந்து முளைத்த தாடியைப் போக்காது. பலர் இடுக்கியால் ஒவ்வொரு மயிராய்ப் பிடுங்குகின்றனர். 1875-ல் அமெரிக்கக் கண்வைத்தியர் சார்லஸ் மிஷெல் இமைமயிருக்குக் கையாண்ட மின்னூசி முறை வேரையே அழிக்கும்; அதற்குப் பொருளும் நெடும்பொறுமையும் வேண்டும்.

2007-ல் லிவிங் ஸ்மைல் வித்யா 'நான், சரவணன் வித்யா' எனத் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். காணப்பட்டவர் பேசத் தொடங்கிவிட்டார். பினாங்குத் தெருவில் திருநங்கையின் மோவாயை உற்று நோக்கி நகைக்கும் நாம், இன்னும் புகார்க் கூட்டத்திலேயே நிற்கலாமோ?